பொதுக் காட்டுக்கு ஒரு நியதி

பாபநாசத்துப் படித்துறையில் நின்று மேற்கே நோக்கினால் நீலமாய் விரிந்து கிடக்கும் பொதிகை மலைத்தொடரை, தன் குலதெய்வத்துக்கு இருப்பிடமும் தன் வயலுக்கு நீரும் தந்த மலை என்று தலைமுறை தலைமுறையாகக் கைகூப்பி வணங்கிவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர், வாழ்நாளில் ஒருமுறையேனும் அதன் சிகரத்தை அடைந்து அகத்தியரைத் தரிசிக்க வேண்டும் என்று விரும்புவாரானால், அவர் முதலில் செய்யவேண்டிய காரியம், அந்த மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் பயணமாவதுதான். 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அச்சிகரம் கேரள எல்லைக்குள், நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்தில் இருக்கிறது. தாமிரபரணி உற்பத்தியாகும் கிழக்குச் சரிவோ நம்முடைய களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. காரையாறு, இஞ்சிக்குழி வழியாக நம் முன்னோர் நடந்து சென்ற பாதை இன்று யாத்திரிகர்களுக்கு மூடப்பட்டிருக்க, கேரள வனத்துறையோ ஆண்டுதோறும் ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்கள், நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு பேர் என்ற வரம்புக்கு உட்பட்டு, முன்பதிவு செய்தவர்களைப் போனக்காட்டில் சரிபார்த்து, வழிகாட்டியுடன் அனுப்பி, அதிருமலை முகாமில் தங்கவைத்து, சிகரத்தைக் காட்டித் திருப்பியனுப்புகிறது. 2019-ஆம் ஆண்டு முதல் பெண்களும் அவ்வாறே சென்று வருகிறார்கள்.

ஒரே மலையின் ஒரு சரிவில் நியதியோடு கூடிய அனுமதியும், மறு சரிவில் முற்றிலும் அடைக்கப்பட்ட கதவும் இருப்பதற்கு நியாயம் என்ன என்பதைச் சிந்திக்கப் புகும்போது, இவ்விஷயத்தோடு சிறிதும் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் ஒரு தூரதேசத்து வழக்கம் நினைவுக்கு வருகிறது. அது அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கு ராஜ்யங்களில் நடைபெறும் மான் வேட்டை. கொல்லாமையை அறங்களுள் தலையாயதாகப் போற்றும் மரபில் வந்த நாம் வேட்டைக்காரனிடத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று வாசகர் முகம் சுளிக்கலாம். துப்பாக்கியை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தத் துப்பாக்கியைச் சுற்றி அந்நாட்டார் அமைத்திருக்கும் ஏற்பாட்டை மட்டும் பார்ப்போமாக.

கோவேறு கழுதையினுடையவை போன்ற நீண்ட செவிகளை உடையதனால் மியூல் மான் என்று பெயர்பெற்ற அந்த விலங்கு, கொலராடோ, வயோமிங், யூட்டா, நெவாடா முதலிய ராஜ்யங்களின் மலைகளிலும் வறண்ட மேட்டுநிலங்களிலும் வாழ்கிறது; நம் மலையில் மிளா எவ்வாறோ, அவர்கள் மலையில் அது அவ்வாறு. அது மேயும் நிலத்தில் பெரும்பகுதி தனியார் சொத்தன்று. மத்திய சர்க்காரின் நில நிர்வாகத் துறை ஒன்றின் கீழ் மட்டும் ஏறக்குறைய 24.5 கோடி ஏக்கர் பொதுநிலம் இருக்கிறது. நிலம் தேசத்துக்குப் பொது. ஆனால் அதில் வாழும் மானைக் காத்து நிர்வகிக்கும் பொறுப்பு அந்தந்த ராஜ்யத்தின் வனவிலங்குத் துறையைச் சார்ந்தது. ஆகவே, அயல் ராஜ்யத்திலிருந்து வேட்டைக்கு வர விரும்பும் ஒருவன், தன் தேசத்துக்குச் சொந்தமான நிலத்திலேயே காலடி வைக்கப் போகிறான் என்றாலும், அந்த ராஜ்யத்தாரின் விருந்தினனாகத்தான் வரவேண்டியிருக்கிறது. உள்ளூரார் கொடுப்பதைப்போலப் பன்மடங்கு கட்டணம் கொடுக்கவேண்டும். அயலாருக்கென்று ஒதுக்கிய சிறு பங்குக்குள் குலுக்கலில் தன் பெயர் விழக் காத்திருக்கவேண்டும். விழாவிட்டால் மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கவேண்டும். காத்திருந்த ஆண்டுகளுக்கு ஈடாகச் சில ராஜ்யங்களில் அவனுக்கு முன்னுரிமைப் புள்ளிகள் சேருகின்றன. நல்ல மலைப்பகுதி ஒன்றுக்கு அனுமதி பெறப் பல ஆண்டுகள் அவற்றைச் சேர்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எந்தப் பகுதியில், எந்த வாரத்தில், ஆணா பெண்ணா, எத்தனை மான் என்பதெல்லாம் அனுமதிச் சீட்டிலேயே அடங்கிவிடும். வயோமிங்கில், வனாந்தரம் என்று சட்டத்தால் ஒதுக்கப்பட்ட மத்திய சர்க்கார் நிலங்களுக்குள் அயல் ராஜ்யத்தான் பெருவிலங்கு வேட்டைக்குப் போகவேண்டுமானால், உரிமம் பெற்ற வழிகாட்டியோ அந்த ராஜ்யவாசி ஒருவரோ உடன் வந்தே தீரவேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகள் அவர்களுக்குப் பிறவியிலேயே வந்த விவேகம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடைச்சரக்குக்காக மானையும் காட்டெருமையையும் கணக்கின்றிக் கொன்று குவித்து, இனி எஞ்சாது என்ற நிலை வந்த பிறகே அவர்கள் கண் திறந்தார்கள். சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை ராஜ்ய எல்லை கடத்துவதைக் குற்றமாக்கிய சட்டம் 1900-இல் வந்தது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியை வனவிலங்குப் பராமரிப்புக்கே செலவிடவேண்டும் என்ற சட்டம் 1937-இல் வந்தது. நீண்ட துப்பாக்கிக்கு நூற்றுக்குப் பதினொன்று என்ற அந்த வரி இன்றும் வசூலாகிறது. கொலராடோவில் மியூல் மான் குறைந்துவருவதைக் கண்டதும், 1999 முதல் அங்கே எந்த மான் உரிமமும் எண்ணிக்கை வரம்பின்றிக் கொடுக்கப்படுவதில்லை. 1967-இல் அந்த ராஜ்யத்திலேயே முதன்முதலாகக் காணப்பட்டு, பிறகு பல ராஜ்யங்களுக்கும் பரவிய, உடலை உருக்கித் தேய்க்கும் நோய் ஒன்று மான்களைப் பீடித்திருப்பதால், குறிப்பிட்ட பகுதிகளில் வேட்டையாடியவர் மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். பணமும் தகவலும் காட்டுக்குள் போகிறவனிடமிருந்தே காட்டுக்குத் திரும்புகின்றன.

பொதுநிலத்தை அம்மக்கள் எவ்வளவு தீவிரமாகத் தம்முடையதாகக் கருதுகிறார்கள் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். ரயில்பாதை போடுவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலத்தைச் சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றிப் பங்கிட்டுக் கொடுத்ததால், வயோமிங்கில் ஒரு சதுரம் தனியாருடையதாகவும் அடுத்தது பொதுநிலமாகவும் அமைந்துவிட்டது. 2021-இல் மிசௌரி ராஜ்யத்திலிருந்து வேட்டைக்கு வந்த நால்வர், இரண்டு பொதுச் சதுரங்கள் சந்திக்கும் மூலையில் ஏணி ஒன்றை வைத்து, தனியார் மண்ணில் கால் படாமலே தாண்டிச் சென்றார்கள். தன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயத்தில் அத்துமீறினார்கள் என்று நிலச்சொந்தக்காரர் வழக்குத் தொடுத்தார். 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுநிலத்துக்குப் போகும் வழியை ஒருவன் அடைத்து வைக்கலாகாது என்று கூறும் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு வேட்டைக்காரர்களின் பக்கமே தீர்ப்பளித்தது. காட்டுக்குள் புகுவதற்கு இத்தனை நிபந்தனைகளுக்குத் தலைவணங்குகிறவன், அந்த நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகு வழியை மறிப்பவனை நீதிமன்றத்தில் நிறுத்தவும் தயங்குவதில்லை. கடமையும் உரிமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது இவ்விதந்தான்.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். வேட்டைக்கு உரிமமும் பருவமும் வகுக்கும் முறை நமக்குப் புதியதன்று. நீலகிரியில் வேட்டை விலங்குச் சங்கம் 1877-இல் தோன்றியது. சென்னை மாகாணச் சர்க்கார் 1879-இல் அம்மலைக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கியது. ஆனால் அந்த வேட்டை விதிகளெல்லாம் துரைமார்களின் பொழுதுபோக்குக்கு விலங்கு குறையாமல் இருக்கவேண்டும் என்ற நோக்கத்தில் பிறந்தவை. மலைவாழ் மக்களுக்கும் அடிவாரத்துக் குடியானவர்களுக்கும் அவற்றில் பங்கில்லை. சுதந்தரத்துக்குப் பிறகு வந்த 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் வேட்டையை அடியோடு நீக்கிவிடவில்லை. பெருவிலங்கு, சிறுவிலங்கு என்று பாகுபடுத்தி, மிளாவும் புள்ளிமானும் உட்பட்ட சிலவற்றை உரிமம் பெற்று வேட்டையாட இடம் வைத்திருந்தது. 1991-இல் செய்த திருத்தமே அந்த வாயிலை மூடியது.

மூடியது நியாயமே. ஜனநெருக்கம் மிகுந்த நம் நாட்டில், புலிக்கும் செந்நாய்க்கும் இரையாகவேண்டிய மிளாவை மனிதன் பங்குபோடத் தொடங்கினால் என்ன மிஞ்சும் என்பது சொல்லாமலே விளங்கும். வேட்டையை மீண்டும் கொண்டுவரவேண்டும் என்று எவரேனும் இக்கட்டுரையைப் படித்துவிட்டு எண்ணுவாரானால், அவர் என் கருத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டவராவார். சுருக்குக் கம்பியும், அவுட்டுக்காயும், வயல்வேலியில் திருட்டு மின்சாரமும் இன்னும் ஒழிந்தபாடில்லாத நிலையில், சட்டத்தின் கடுமை ஓர் அணுவும் குறையலாகாது. வல்லநாட்டுக் குன்றைச் சுற்றி 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1987-இல் அமைத்த சரணாலயத்தில், தாமிரபரணிக் கரையோரத்து வெளிமான்கள் இன்றளவும் பிழைத்திருப்பது அந்தக் கடுமையினால்தான். இந்தியாவில் இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டங்களுள் தென்கோடியில் இருப்பது அதுவே.

ஆனால், வேட்டையை விலக்கியபோது, அதனோடு சேர்ந்து போகத் தேவையில்லாத வேறொன்றையும் நாம் இழந்துவிட்டோம் என்பதே என் அபிப்பிராயம். காட்டுக்குள் யார், எத்தனை பேர், எந்தப் பருவத்தில், என்ன கட்டணம் கொடுத்து, யாருடன் போகலாம் என்று வெளிப்படையாக வகுக்கும் வழக்கத்தையே இழந்தோம். அதன் விளைவாக இன்று நம் மலையில் இரண்டு எல்லைகளே உண்டு. ஒன்று, பொதிகைப் பாதையைப் போல முற்றிலும் அடைத்துவிடுவது; மற்றொன்று, ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலைச் சுற்றிப் பெருங்கூட்டத்தைப் புலிகள் காப்பகத்தின் நடுவிலேயே அனுமதித்துவிட்டு, எத்தனை நாள், எத்தனை வண்டி, எத்தனை குடில் என்று ஆண்டுதோறும் கடைசி நேரத்தில் வாதாடிக்கொண்டிருப்பது. பரிகாரம் என்ற பெயரில் பாபநாசத்து ஆற்றில் விட்டுச்செல்லும் துணிகளை அள்ளியெடுப்பது ஒரு தனி உத்தியோகமாகவே ஆகிவிட்டது. அடைத்த கதவும் அணையுடைத்த வெள்ளமும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள். இரண்டிலும் எண்ணிக்கை இல்லை, பொறுப்பும் இல்லை.

பொதுநிலம் என்று நாம் சொல்லும் இம்மலையின் ஒரு பகுதி யாருக்குப் பயன்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். சிங்கம்பட்டி ஜமீனின் காட்டில் 8,373 ஏக்கரை, பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 1929-இல் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, மாஞ்சோலை முதலிய இடங்களில் தேயிலைத் தோட்டம் அமைத்தது. ஜமீன்கள் ஒழிந்தன, காடு சர்க்காருடையதாயிற்று, புலிகள் காப்பகம் 1988-இல் உருவாயிற்று, அத்தனைக்குப் பிறகும் குத்தகை நின்றது. அது முடியவேண்டிய 2028-க்கு முன்பே கம்பெனி விலகிக்கொள்ள, தலைமுறைகளாக அங்கே உழைத்த தொழிலாளர் குடும்பங்கள் மலையைவிட்டு இறங்கவேண்டியதாயிற்று. ஒரு கம்பெனியின் நூறாண்டுக் குத்தகையைக் கணக்குப் பார்த்து விட்டுவைக்க முடிந்த ராஜாங்கத்துக்கு, ஒரு பக்தனுக்கும் ஒரு மாணவனுக்கும் மூன்று நாளைக்குக் கணக்குப் பார்த்து இடம் கொடுக்க இயலாது என்பது ஏற்கத்தக்க வாதமா?

எதிர்வாதம் வலுவற்றதென்று நான் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபத்துமூவர் மாண்ட கோரத்தை எவரும் மறக்கவில்லை. அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகியது முறையே. ஆனால் அந்தத் துயரத்திலிருந்து கற்கவேண்டிய பாடம், வறண்ட பருவத்தில் பாதையை மூடுவதும், பயிற்சி பெற்ற வழிகாட்டியின்றி எவரையும் விடாதிருப்பதுமேயன்றி, மலையை மக்களுக்கு அந்நியமாக்கிவிடுவதன்று. தமிழ்நாடு அரசே இதை ஒருவாறு உணர்ந்துதான், 2024 அக்டோபரில், பதினான்கு மாவட்டங்களில் நாற்பது பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவும் வழிகாட்டியும் கூடிய மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல ஆரம்பம், பொதிகைச் சிகரத்துக்கான பாதை அதில் இல்லை என்பதே குறை. காட்டுப்பன்றியின் தொல்லைக்குக்கூட, 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கைவைக்கலாகாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்று தூரத்தை அளந்து விதி வகுத்தது இதே அரசுதான். பன்றிக்கு அளவுகோல் வைக்கத் தெரிந்தவர்களுக்கு யாத்திரிகனுக்கு அளவுகோல் வைப்பது அரிதாகுமா?

ஆகவே நான் விரும்பும் ஏற்பாடு எளியது. முதலாவதாக, பாதை ஓரிடத்தில் மாநில எல்லையைத் தாண்டுவதால், தமிழ்நாடும் கேரளமும் கூடிப் பேசி ஒரே எண்ணிக்கை வரம்பை நிர்ணயித்து, அதில் கிழக்குச் சரிவு வழியாக ஒரு சிறு பங்கை, நாளைக்கு இருபது பேரானாலும் போதும், ஒதுக்கவேண்டும். 2016-இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்த, பொதிகையின் மறுபெயரான அகத்தியமலை இரு மாநிலங்களுக்கும் பொதுவான ஒன்றே. கூடிப் பேசுவதற்கு இதைவிட உரிய காரணம் வேறு வேண்டியதில்லை. புலிகள் காப்பகத்தின் மையப்பகுதியில் எத்தனை பேரைத் தாங்க இயலும் என்பதை விலங்கியல் வல்லுநர்களே தீர்மானிக்கட்டும்; அவர்கள் ஓராண்டு ஒருவரும் வேண்டாம் என்றால், காரணத்தை வெளியிட்டு, ஓராண்டு மூடிவைக்கட்டும்.

இரண்டாவதாக, விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவேண்டும். முந்தியவருக்கே இடம் என்றால் கையில் நல்ல கைப்பேசி உள்ளவர் முந்திவிடுவார். சிபாரிசுக்கு இடமிருந்தால் செல்வாக்குள்ளவர் முந்திவிடுவார். குலுக்கலில் மந்திரியும் மாடுமேய்ப்பவரும் சமம். சென்ற ஆண்டு கிட்டாதவருக்கு இவ்வாண்டு கூடுதல் வாய்ப்புக் கொடுக்கும் அமெரிக்க ராஜ்யங்களின் முறையையும் தழுவிக்கொள்ளலாம். பொறுத்திருப்பவனுக்குப் பயன் உண்டு என்று அறிந்தால் குறுக்கு வழி தேடும் எண்ணம் தானே குறையும். மேற்சொன்ன அமெரிக்க முறையில் உள்ளூராருக்குக் கட்டணம் குறைவாக இருப்பதைப் போலவே, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், களக்காட்டுப் பகுதி ஏழைகளுக்குக் கட்டணத்தில் சலுகை வைப்பதும் தகும். மலையடிவாரத்தான் மலைக்கு அயலானாகக் கூடாது.

மூன்றாவதாக, காணிக்காரர் உடன் வராமல் எவரும் காலெடுத்து வைக்கலாகாது. சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் வாழும் அம்மக்களைவிட அக்காட்டை அறிந்தவர் எவருமிலர். 1987-இல் இதே அகத்தியமலையின் கேரளப் பகுதியில் ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள், களைப்பின்றி நடந்த காணி வழிகாட்டிகள் மென்ற கனியைக் கண்டுதான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை அறிந்தார்கள். அதிலிருந்து உண்டான மருந்தின் வருவாயில் காணி மக்களுக்குப் பங்கு கொடுத்தது உலகம் முழுவதும் எடுத்துப் பேசப்பட்ட நிகழ்ச்சி. அந்த அறிவுக்கு நாம் கொடுக்கும் கூலி, நாட்கூலியாக மட்டும் நில்லாமல் யாத்திரைக் கட்டணத்தில் பங்காகவே அமையட்டும்.

நான்காவதாக, கட்டணம் கஜானாவில் கரைந்துபோகாமல், வேட்டைத் தடுப்புக் காவலர்களின் சம்பளத்துக்கும், அடிவாரக் கிராமங்களின் வனக்குழுக்களுக்கும், ஆற்றைத் துப்புரவு செய்வதற்கும் நேரே போய்ச் சேரவேண்டும். தொண்ணூறுகளில் உலக வங்கியின் உதவியோடு களக்காடு முண்டந்துறையைச் சுற்றியிருந்த கிராமங்களில் வனக்குழுக்கள் அமைத்து, விறகுக்காகக் காட்டுக்குள் போகாதிருக்க மாற்றுத் தொழில்களுக்குக் கடன் கொடுத்தபோது, தலைச்சுமை விறகு குறைந்ததை அடிவாரத்தார் கண்கூடாகக் கண்டார்கள். மக்களை விரோதிகளாக எண்ணாமல் கூட்டாளிகளாக எண்ணிய அந்த முறைக்குத் தொடர்ந்து வருவாய் ஒன்று தேவை. ஆண்டு முடிவில், வந்த பணம் எவ்வளவு, சென்ற பணம் எவ்வளவு, சென்றவர் எத்தனை பேர், கண்ட விலங்குகள் எவை என்று ஒரு தாளில் அச்சிட்டு வெளியிடட்டும். யாத்திரிகனும் தான் கண்ட மிளா, வரையாடு, கேளையாடு, சுருக்குக் கம்பி, பிளாஸ்டிக் ஆகியவற்றை இறங்கியதும் எழுதிக் கொடுத்துவிட்டே வீடு திரும்பட்டும்.

ஆடி அமாவாசைக்கும் இதே அளவுகோல்தான். பக்தியின் பெயரால் எண்ணிக்கையை மீறலாம் என்ற எண்ணம் நீங்கவேண்டும். நாள், வண்டி, குடில் ஆகியவற்றின் அளவை ஆறு மாதத்துக்கு முன்பே அறிவித்து, அந்த அளவுக்குள் ஊர் ஊராக முறைவைத்துக் கொடுத்தால், சொரிமுத்தையனாரை வணங்கும் குடும்பங்களே அதைக் காப்பாற்றித் தருவார்கள். கடைசி வாரத்தில் வரும் தடையைத்தான் அவர்கள் வெறுக்கிறார்களேயன்றி, முன்கூட்டிச் சொன்ன நியதியை வெறுப்பதில்லை.

மானைக் கொல்ல விரும்பும் ஒருவனை, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கட்டணம் கட்டி, சொன்ன வாரத்தில் சொன்ன மலைக்கு மட்டும் போய், திரும்பிவந்து கணக்கு ஒப்புவிக்கும்படி ஒரு தேசம் பழக்கியிருக்கிறது. மானைக் கண்ணால் கண்டு கும்பிட்டுத் திரும்ப விரும்பும் நம்மவரை அவ்வாறு பழக்க முடியாது என்று சொல்வது, நம் மக்களையும் நம் அதிகாரிகளையும் ஒருங்கே இழிவுபடுத்துவதாகும். களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் நிர்வாகிகளும், இரு மாநில வன அமைச்சர்களும், திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களும் அடுத்த ஜனவரிக்கு முன்பே இதுபற்றி உட்கார்ந்து பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திறக்கும் நாள் வரும்போது, சீட்டு விழாதவர்கள் முணுமுணுக்காமல் மறு ஆண்டுக்கு மனுப்போட வேண்டும் என்பதே வாசகர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள்.